அவரவர் இலை

மூலக்குளம்
10 ஜூன் 2025

மதிப்பிற்குரிய மதிவாணன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் பூவிழி. போன சனிக்கிழமை மதியம் மூலக்குளத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். கிழங்கான் மீன் குழம்பை இலையோடு சேர்த்துப் போட்டோ எடுத்தீர்கள். நீங்கள் போன பிறகுதான் என் கணவர் ராமதாஸ், "அது யாருன்னு தெரியுதா? ஞாயித்துக்கிழமை பேப்பர்ல சாப்பாட்டுக் கடைங்களப் பத்தி எழுதுறாரே, அவருதான்" என்றார். அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஐயா, எங்கள் கடையைப் பற்றி எழுதாதீர்கள்.

எழுதினால் கூட்டம் வரும், நல்லதுதானே என்று நினைப்பீர்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஜன்னல் வழியாக ஆப்பம் விற்கும் சுமலதா அக்கா, நீங்கள் எழுதிய பிறகுதான் இன்னொரு அடுப்பு வாங்கினாள். எனக்குக் கூட்டம் வேண்டாம். வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, போர்டு இல்லாத வீட்டில், தெரிந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவதே போதும்.

காரணம் கேட்காதீர்கள். கள்ளத்தனம் எதுவும் இல்லை. உங்கள் போன் நம்பர் பேப்பரில் இல்லை, முகவரிதான் இருந்தது. நம்பர் இருந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு அழுகை வரும். இரண்டையும் நீங்கள் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
பூவிழி ராமதாஸ்


உப்பளம்
13 ஜூன் 2025

அன்புள்ள பூவிழி அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சோறு போடும்போது எப்படிச் சிரிக்கவில்லையோ, கடிதத்திலும் அப்படியே சிரிக்கவில்லை.

இந்த ஊரில் பரோட்டாக் கடைக்காரரிலிருந்து சுண்டல் வண்டிக்காரர் வரை என்னைப் பார்த்தால், "சார், நம்மளப் பத்தி ரெண்டு வரி" என்று பின்னாலேயே வருகிறார்கள். எழுதாதே என்று கடிதம் போட்ட முதல் ஆள் நீங்கள்தான். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கேகூட என்னை யாரும் இப்படி வாசலிலேயே நிறுத்தியதில்லை.

நிறுத்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. சாப்பிட்டு முடித்து நிம்மதியாகக் கைகழுவப் போனவனை, "சார், எலைய எடுத்துட்டுப் போங்க" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டீர்கள். குழம்பு ஒழுகும் இலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தொட்டி வரைக்கும் நடந்தேன். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. கறை இன்னும் போகவில்லை. இருந்தும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தடைக்காலத்தில், பெரிய படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, அவ்வளவு புது மீன் எங்கே கிடைக்கும்? குழம்பில் சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து கலந்திருந்தீர்களே, அப்படி ஒன்றை நான் புதுச்சேரி முழுக்கச் சாப்பிட்டதில்லை.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. ஆசிரியரிடம் கெஞ்சி உங்கள் பெயரை எடுத்துவிட்டேன், தெருவையும் எடுத்துவிட்டேன். 'மூலக்குளத்தில் ஒரு வீடு' என்று மட்டும்தான் இருக்கும். லைசென்ஸ் மாதிரி ஏதாவது கவலை என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை படித்துப் பாருங்கள். இவ்வளவு மனம் நிறைந்து நான் எந்தக் கடையைப் பற்றியும் எழுதியதில்லை. நீங்களே சந்தோஷப்படுவீர்கள்.

அன்புடன்,
மதிவாணன்


மூலக்குளம்
18 ஜூன் 2025, புதன்கிழமை

ஐயா,

படித்தேன். சந்தோஷப்படவில்லை.

'இது கடையல்ல, வீடு. மகள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த நிறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என் தலையில் விழுந்த கல். பெயரை எடுத்தீர்கள், தெருவை எடுத்தீர்கள், சுட்ட கத்தரிக்காயை விட்டுவிட்டீர்கள். அது என் அம்மா கன்னியம்மாளின் கைப்பக்குவம். வீராம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் குழம்பு வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன்.

நான் வீராம்பட்டினத்துப் பெண். அப்பா பெயர் முருகையன். கடலுக்குப் போனவர், இப்போது வலை பின்னுகிறார். நான் ராமதாஸைக் கட்டிக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இவர் மில் தொழிலாளியின் பிள்ளை, எங்கள் ஆட்கள் இல்லை. அப்பா கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று, "அவ வூட்ல எங் கை நனையாது" என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால் அந்த வீட்டோடு உறவு உண்டு என்று அர்த்தம். நனைக்கமாட்டேன் என்றால் எல்லாம் அறுந்தது என்று அர்த்தம். அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை.

அம்மா இறந்து சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். அப்போது நான் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், "இது கடைதானம்மா?" என்று கேட்டார். "கடதாங்க, உக்காருங்க" என்றேன். சாப்பிட்டார். அவர் எழுந்ததும் நான் பழக்கத்தில் இலையை எடுக்கக் குனிந்தேன். "கடையில அவங்கவங்க எலைய அவங்கவங்கதான் எடுக்கணும்" என்று தடுத்து, தானே எடுத்துப்போய்ப் போட்டார். காசை டப்பாவில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவரவர் இலையை அவரவரே எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டேன். ஒருவரை மட்டும் எடுக்க வைத்தால் உறுத்தும் அல்லவா? உங்கள் சட்டைக் கறைக்குக் காரணம் அதுதான்.

பிறகு ஒரு புதன்கூடத் தவறவில்லை. எனக்கு அவர் வாடிக்கைக்காரர், அவருக்கு நான் கடைக்காரம்மா. மீனில் சினை இருந்தால் மட்டும் இலை ஓரமாக ஒதுக்கி வைத்து, "பாப்பா, இந்தா" என்று என் மகள் இனியாவிடம் கொடுப்பார். வருகிற பெரியவர்களை எல்லாம் அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கடை என்பதால்தான் வந்தார், ஐயா. நீங்கள் அதை வீடு என்று எழுதிவிட்டீர்கள். மகள் வீடு என்றும் எழுதிவிட்டீர்கள்.

இன்று புதன்கிழமை. அவர் வரவில்லை. அவர் உட்காரும் மூலையில் வேறு யாரையும் உட்காரவிடாமல் மூன்று மணி வரை பார்த்தேன்.

அடுத்த வாரமே மாற்றி எழுதுங்கள். சாப்பாடு சரியில்லை, அது வெறும் கடைதான் என்று எழுதுங்கள். மீன் நாறியது என்றுகூட எழுதுங்கள். தயவுசெய்து நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பூவிழி


உப்பளம்
22 ஜூன் 2025

அன்புள்ள பூவிழி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். பக்கத்து வீட்டுச் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற மனிதர், "என்னா மிஸ்யே, ஒடம்பு சரியில்லையா?" என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்.

கடையை வீடு என்று புகழ்வது எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வது. அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி எங்களுக்குத் தெரியாது. அதுவே ஒருவர் சாப்பாட்டில் மண்ணைப் போடும் என்று நான் கண்டேனா? நீயும் முதல் கடிதத்திலேயே காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அச்சகத்தில் போய்ப் படுத்துக்கொண்டாவது நிறுத்தியிருப்பேன். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குறை சொல்வதற்காகவும்தான்.

ஆனால் மீன் நாறியது என்று என்னால் எழுத முடியாது. நன்றாக இல்லாததை நன்றாக இருந்தது என்று எழுதியதில்லை. நன்றாக இருந்ததை நாறியது என்றும் எழுதமாட்டேன். அதை நம்பி யாராவது உன் கடையில் அதிகாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வாய்?

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நானே வீராம்பட்டினம் போய் உன் அப்பாவைப் பார்த்து, தவறு என்னுடையது, உங்கள் மகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நாலு வார்த்தை பேசினால் தீராதது உண்டா? வியாழக்கிழமை போகிறேன்.

மதிவாணன்


மூலக்குளம்
25 ஜூன் 2025, புதன்கிழமை

ஐயா,

போகாதீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று எங்கள் கடையில் சாப்பிடும் ஷேர் ஆட்டோக்காரர் கண்ணையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் நினைப்பதுபோல இது நாலு வார்த்தை பேசித் தீர்கிற விஷயம் இல்லை. பேசாமல் இருந்ததால்தான் இத்தனை நாள் ஓடியது. அவரிடம் போய் 'உங்கள் மகள்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், 'எனக்கு மக இல்ல' என்று அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஊர் பார்க்கச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லையும் காப்பாற்றுவார். அப்புறம் எனக்கு ஒன்றுமே மிஞ்சாது.

இன்றும் வரவில்லை.

எங்களுக்கு மீன் கொண்டுவருகிற சின்னப்பாப்பா வீராம்பட்டினம்தான். இன்று கூடையை இறக்கி வைத்தவள் வழக்கம்போல வம்பு பேசவில்லை. நானே கேட்டேன். மீன் ஏலக்கூடத்துப் பக்கம் டீக்கடையில் உங்கள் கட்டுரையை ஒருவன் சத்தம் போட்டுப் படித்தானாம். கத்தரிக்காய் என்றதும் எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். "என்னா முருகையா, மவ வூட்ல கை நனைச்சிட்டியாமே?" என்று ஒருவன் கேட்டானாம். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"யாருகிட்டயும் பேசறதில்லக்கா. வலைய மடியில போட்டுக்கினு சும்மாவே குந்தினு இருக்காரு. ஊசி கையிலயேதான் இருக்கு, ஒரு கண்ணியும் ஓடல" என்று சொன்னாள்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அண்ணன் வீட்டார் என்னோடு பேசுவதில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் எனக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? அம்மாவுக்கே எடுக்கப்போகும் நேரத்தில்தான் எனக்குச் சேதி வந்தது. புதன்கிழமை வந்தார் என்றால் அந்த வாரம் நன்றாக இருக்கிறார் என்று தெரியும். எனக்குத் தெரிந்துகொள்ள இருந்த வழி அது ஒன்றுதான்.

போகாதீர்கள். கண்ணையனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

பூவிழி


உப்பளம்
29 ஜூன் 2025

அன்புள்ள பூவிழி,

போகவில்லை என்று கண்ணையன் வந்து சொல்லியிருப்பார். உண்மையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். செருப்பு மாட்டும்போது அவர் ஆட்டோ வந்து நின்றது. அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடித்து உள்ளே திரும்பிப் போகிற வரைக்கும் வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கிறாய்.

நீ கேட்ட மறுப்பை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். பொய் சொல்லாமல் உன்னைத் திட்ட வேண்டும் என்றால் எவ்வளவு கஷ்டம்! பிறகு அன்று மதியம் உன் கடையில் எனக்கு நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திட்டுவதற்கு வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது. கீழே இருப்பதைப் படித்துப் பார்:

'சில வாரங்களுக்கு முன்னால் மூலக்குளத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையை வீடு என்று இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். வயிறு நிறைந்த மயக்கத்தில் எழுதியது. அது வீடு இல்லை, கடைதான். வீட்டில் கேட்காமலே ரசம் ஊற்றுவார்கள். இங்கே கேட்டால்தான் வரும். வீட்டில் விருந்தாளியை இலை எடுக்க விடமாட்டார்கள். இங்கே எடுக்காமல் எழுந்தால் கூப்பிட்டு நிறுத்துவார்கள், கறைபட்ட என் சட்டை சாட்சி. கடைக்காரம்மா சிரிப்பதில்லை. யாரிடமும் ஊர் விசாரிப்பதில்லை, உறவு கொண்டாடுவதில்லை. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஆள், அவ்வளவுதான். அங்கே சாப்பிட்டவர் யாருக்கும் எந்த உறவும் ஒட்டிக்கொள்ளாது. சொந்தம் தேடிப் போகிறவர்கள் போக வேண்டாம். பசிக்குப் போகலாம்.'

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நாலு பேர் வராமல் போனால் உன் பிழைப்பு கெடும். அதை நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீ சரி என்று சொன்னால்தான் கொடுப்பேன்.

இன்னொன்று. கடை என்றால் போர்டு வேண்டும். போர்டு மாட்டினால் மின்துறைக்காரன் வந்து உன் மீட்டரைக் கடைக் கணக்குக்கு மாற்றுவான். அந்தப் பாவத்தை நானே நிறையப் பேருக்குச் செய்திருக்கிறேன். யோசித்துச் செய்.

இது பலிக்கும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதிவாணன்


மூலக்குளம்
2 ஜூலை 2025, புதன்கிழமை

ஐயா,

போடுங்கள். ஒரு வார்த்தையும் குறைக்காதீர்கள்.

வீட்டில் பெரிய சண்டை. என் கணவர் கட்டுரையைப் படித்துவிட்டு, "அவருக்காக நம்ம பொழப்ப நாமளே கெடுத்துக்கணுமா? இத்தினி வருஷமா என்ன ஒரு மனுஷனா ஏறெடுத்துப் பாத்தாரா அவரு?" என்று கத்தினார். அவர் கேட்டதில் தப்பில்லை. புதன்கிழமைகளில் அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவர் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார். மாமனார் கண்ணில் படாமல் மீன் வறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் பார்த்தால் பழைய பலகை ஒன்றைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் மாட்டிவிட்டோம். 'மீன் சாப்பாட்டுக் கடை. அவரவர் இலையை அவரவரே எடுக்கவும்.' இத்தனை நாள் வாய் திறக்காத எதிர்வீட்டம்மா, "அமைதியா இருந்த தெரு, கடைத்தெருவா ஆவப்போவுது" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். கரண்ட் பில் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

இன்றும் வரவில்லை, ஐயா. காய்ச்சல் என்று சின்னப்பாப்பா சொன்னாள். ஒரு தூக்கில் ரசம் ஊற்றி அவளிடம் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்தேன். பிறகு கொட்டிவிட்டேன். கடையிலிருந்து யாராவது ரசம் கொடுத்தனுப்புவார்களா?

நேற்று இனியா, "அந்தச் சினை தாத்தா ஏன் வரல?" என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

பூவிழி


மூலக்குளம்
9 ஜூலை 2025, புதன்கிழமை

மதிவாணன் ஐயாவுக்கு,

வந்தார்.

பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறது, உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் கழுவப் போகிறேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதையும் டீக்கடையில் படித்தார்களாம். "பாத்தியா, கடதானாம். காசு குடுத்துட்டுத் தின்னா கை நனைக்கிறதா?" என்று இப்போது இன்னொருவன் அப்பாவுக்காகச் சண்டை போட்டானாம். சின்னப்பாப்பா திங்கட்கிழமை வந்து சொன்னாள். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

இன்று கூட்டம் குறைவு. கண்ணையனும் இன்னும் இரண்டு பேரும்தான். அப்பா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், சட்டை தொளதொள என்று தொங்கியது. தலையை அண்ணாந்து போர்டைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இந்தத் தடவை, இது கடைதானம்மா என்று கேட்கவில்லை. நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

சோறு போட்டேன். கிழங்கான் குழம்பை ஊற்றும்போது கரண்டி தட்டிக் கொஞ்சம் சிந்திவிட்டது. ரசம் கேட்டார், ஊற்றினேன். மெதுவாகச் சாப்பிட்டார். காய்ச்சலில் கிடந்தவர் இவ்வளவு சாப்பிடலாமா என்று ஒரு பக்கம் பயம். போதும் என்று எழுந்துவிடுவாரோ என்று இன்னொரு பக்கம் பயம். மீனில் சினை இருந்தது. ஓரமாக ஒதுக்கி வைத்தார். இனியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் தொடவே இல்லை.

இலையைத் தன் பக்கமாக மடித்தார். எழுந்தார். கை கழுவினார். காசை வழக்கம்போல டப்பாவில் போட்டார். நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டார்.

இலை அங்கேயே இருந்தது.

காய்ச்சலில் மறந்துவிட்டாரா, தள்ளாமையா, இல்லை கோபமா என்று தெரியவில்லை. ஒரு தடவைகூட அவர் மறந்ததில்லை. அதற்குள் கண்ணையன், நல்ல மனிதர்தான், கடைச் சட்டம் தெரிந்தவர் என்று நினைப்பு, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "பெரியவரே, எல! போர்டுல போட்டிருக்கு பாருங்க!"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ எடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயா, நான் எடுத்தேன். மடித்த இலையைப் பிரித்துச் சினையை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இனியா நாலு மணிக்கு வருவாள். இவர் சமையலறையிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். "மறந்துட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மீன் பொரித்த கரண்டியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை வருவாரா, வந்தால் என்ன செய்வார், எனக்குத் தெரியாது. டீக்கடையில் யாராவது மறுபடியும் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. போர்டு அப்படியேதான் இருக்கும். கழற்றமாட்டேன்.

இதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். இந்தப் பக்கம் வராதீர்கள் என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள். புதன்கிழமை தவிர என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். இலையை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பூவிழி